வெள்ளிக்கிழமைக் கொட்டாவி

தூக்கம் வரலை அத்தை. காரியாபட்டி தாண்டினதுலருந்து நான் வாயைத் தொறந்து தொறந்து மூடுறதைப் பாத்துட்டுத்தானே ஜன்னல் சீட்டுக்கு வான்னு கூப்பிட்டீங்க. அது கொட்டாவி இல்லை. கொட்டாவி வருதான்னு பாக்குறேன். வரலை.

சிரிங்க, பரவாயில்லை. கொட்டாவிக்காகக் காத்துக் கிடக்குற ஒருத்தியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

அத்தைன்னு கூப்பிடுறேன்னு வருத்தப்படாதீங்க. உங்க வயசுக்கு வேற மாதிரிதான் கூப்பிடணும், தெரியும். அந்த வார்த்தை என் வாயில வர்றதில்லை. ஏன்னு சொல்றேன், மதுரை வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அதோ முன்னாடி, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேலை, அதான் எங்க அம்மா. மெதுவாப் பேசுறேன். நீங்க எட்டி எட்டிப் பாக்காதீங்க, அவளுக்கு முதுகுலயும் கண்ணு இருக்கு.

என் பேர் நாகஜோதி. ஜோதிம்பாங்க. பதினேழு முடிஞ்சிருச்சு. என்ன படிக்கிறேன்னு கேக்காதீங்க, படிக்கலை. பன்னெண்டாவது பரீட்சையில பாதியை எழுதிட்டு விட்டவ. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன். பட்டுன்னு சொல்லிட்டேன்ல. எனக்குச் சுத்தி வளைக்க வராது, பொய்யும் வராது. ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கேன். அதுக்குத்தான் இப்ப கொட்டாவி தேவைப்படுது.

என் கூடப் பிறந்தவ ஒருத்தி, எனக்கு நாலு வயசு மூத்தவ. காளீஸ்வரி. ஜவுளிக்கடையில பில் போடுற வேலை. போன மார்ச்ல செத்துப் போயிட்டா. இதைச் சொன்னா எல்லாரும் 'ச்சு'ன்னு ஒரு சத்தம் போடுவாங்க. நீங்க போடலை. அதனாலதான் மேல சொல்றேன்.

அன்னைக்கு எனக்குப் பிசிக்ஸ் பரீட்சை. ஹால் டிக்கெட்டை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். காளி அதை எடுத்துக்கிட்டு ஸ்கூட்டியில வந்தா. பந்தல்குடி ரோட்டுல ஒரு டிப்பர் லாரி. அவ்வளவுதான், விவரமாச் சொல்ல எனக்குத் தெரியாது, நான் பாக்கலை. நான் அப்ப ஸ்கூல் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். ரோட்டுல கூட்டம் கூடினதும், யாரோ பைக்ல வந்தவர் அவ கையில இருந்த கவரைப் பிரிச்சு, ஹால் டிக்கெட்ல ஸ்கூல் பேரைப் படிச்சு, நேரா கொண்டாந்து எச்.எம். கையில குடுத்திருக்கார். எச்.எம். என்கிட்ட நீட்டி, "உங்க அக்கா குடுத்துவிட்டுச்சும்மா, நிம்மதியா எழுது"ன்னார். நான் நிம்மதியா எழுதினேன் அத்தை. மூணு மணி நேரம். அடிஷனல் ஷீட் ரெண்டு வாங்கினேன். காளிக்கு உசிர் போனது பதினொண்ணே காலாம். பதினொண்ணே காலுக்கு நான் எந்தக் கேள்வியில இருந்திருப்பேன்னு யோசிச்சுப் பாத்திருக்கேன். லென்சு. படம் போட்டு, கோடெல்லாம் ஸ்கேல் வெச்சு, அழகா எழுதியிருந்தேன்.

பிசிக்ஸ்ல எழுபத்தொண்ணு. அதுக்கப்புறம் இருந்த மூணு பரீட்சையும் ஆப்சென்ட். ஹால் டிக்கெட் இல்லைன்னாலும் உள்ள விட்டிருப்பாங்களாம், லிஸ்ட்ல பேர் இருக்கே. அதையும் எச்.எம்.தான் வீட்டுக்கு வந்து சொன்னார். ஆறுதலுக்கு.

அதுக்கப்புறம் நான் படுத்தேன். ஏப்ரல் பூரா, மே பூரா. துக்கம்னு சொல்வாங்க. எனக்குத் துக்கமெல்லாம் இல்லை, அழுகையும் வரலை. அலுப்பு. ஒரு டம்ளரைத் தூக்கணும்னா முந்தின நாளே யோசிக்கணும். தலைக்குக் குளிச்சுப் பதினாறு நாள் ஆச்சுன்னு பெரியம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்வா. பெரியம்மான்னா அம்மாவோட மூத்தவ, அடுத்த வீடு. எண்ணுறதும் சொல்றதும்தான் அவ வேலை.

அம்மா சத்துணவுல ஆயா. காலையில போயி மூணு மணிக்கு வருவா. வந்ததும் காளி போட்டோ முன்னாடி உக்காந்து, காளி போனுக்குச் சார்ஜ் போடுவா. கண்ணாடி நொறுங்கின போன். யாரு கூப்பிடப் போறான்னு தினம் சார்ஜ் போடுறா, எனக்குத் தெரியலை. என் பக்கம் திரும்ப மாட்டா. சோத்தைப் பக்கத்துல வைப்பா, காஞ்சதும் எடுப்பா. அப்பா கோயம்புத்தூர் மில்லுல இருக்கார். வந்தாலும் பேச மாட்டார், அது அவர் சுபாவம். ஆனா அம்மா பேசுறவ. அவ எல்லாப் பேச்சையும் போட்டோகிட்டப் பேசிட்டு என்கிட்ட வர்றப்ப காலியா இருப்பா. என் வருத்தம் இது ஒண்ணுதான், எழுதி வேணும்னாலும் தர்றேன். எங்க அம்மாவுக்கு ரெண்டு பொண்ணு. ஒருத்தி செத்துட்டா. மிச்சம் எத்தனைன்னு அவளுக்குக் கணக்கு வரலை.

ஜூன்ல நர்சம்மா வந்தாங்க, அடுத்த தெருக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்க. எட்டிப் பாத்துட்டு, "இந்தப் பிள்ளை எத்தனை நாளா இப்படிக் கிடக்கு"ன்னாங்க.

பெரியம்மா, "அக்கா போன துக்கம். போகப் போகச் சரியாயிரும்"ன்னா.

"போகப் போகன்னா எங்க போக?"ன்னாங்க நர்சம்மா.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதுக்காகவே எந்திரிச்சுக் குளிச்சேன்.

அவங்கதான் சீட்டு எழுதி மதுரைக்கு அனுப்பினாங்க. டாக்டரம்மா சின்ன வயசு. என்னைப் பாத்துத்தான் பேசினாங்க, அம்மாவைப் பாத்து இல்லை. ஒரு வெள்ளை மாத்திரை, நடுவுல கோடு. ஒரு வாரம் பாதி, அப்புறம் முழுசு. காலையில சாப்பிட்டதும் போடணும். "முதல்ல தொந்தரவுதான் வரும், குணம் பின்னாடிதான் வரும், மூணு நாலு வாரம் பொறுத்துக்கோ"ன்னாங்க. குமட்டும், வாய் காயும், கை நடுங்கும், வேர்க்கும், கொட்டாவி வரும். "கொட்டாவியா மேடம்"னு கேட்டேன். "ஆமா, சிலருக்கு வரும், தூக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, தானாப் போயிரும்"ன்னாங்க. அப்புறம் குரலைக் குறைச்சு, "ஏதாவது கெட்ட எண்ணம் வந்தா உடனே அம்மாகிட்டச் சொல்லணும், இங்க வரணும். நீயா நிறுத்தக் கூடாது"ன்னாங்க. சரின்னேன். அம்மாகிட்டச் சொல்லணுமாம். காலி டப்பாகிட்ட.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா மாத்திரையை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. "கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் காதுல விழுந்துச்சுன்னா"ன்னா.

"எந்த மாப்பிள்ளை?"

"வரப்போற மாப்பிள்ளைடி."

"அவன் வந்தா அவனுக்கும் பாதி குடுக்குறேன்"னேன்.

டாக்டரம்மா சொன்னது ஒண்ணு விடாம வந்துச்சு. மூணாவது நாள் குமட்டல். அம்மா வேலை முடிஞ்சு வர்றப்ப சேலையெல்லாம் சாம்பார் வாசமும் அவிச்ச முட்டை வாசமும் அடிக்கும். அவ வாசல்ல செருப்பைக் கழட்டுறப்பவே எனக்குக் கொல்லைப்பக்கம் ஓடணும். நாக்கு அட்டை மாதிரி ஆயிருச்சு. டம்ளரை வாயில வெச்சா பல்லுல பட்டுக் கடகடங்கும். ஃபேனுக்குக் கீழ படுத்திருந்தாலும் பிடரி நனைஞ்சிருக்கும். ராத்திரியில தாடையை இறுக்கி இறுக்கி, காலையில கல்லு மென்ன மாதிரி வலிக்கும். அதெல்லாம் சரி. கொட்டாவி இருக்கே அத்தை, அது சாதாரணக் கொட்டாவி இல்லை. ஒண்ணு முடியுறதுக்குள்ள அடுத்தது. தாடை கழண்டுரும் போல, கண்ணுல தண்ணி கொட்டும், ஆனா தூக்கம் துளி வராது. இருபது, இருபத்தஞ்சுன்னு வரிசையா வரும். நாய் ஊளையிடுற மாதிரி ஒரு சத்தத்தோட முடியும்.

முதல் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி. அம்மா காளி போட்டோவுக்கு விளக்கேத்தி சாம்பிராணி போட்டா. நான் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தேன். ஆரம்பிச்சிருச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. கை நடுங்குது. முகமெல்லாம் வேர்வை. கண்ணுல தண்ணி. தலைமுடியை வேற ஒழுங்கா முடியலை.

பெரியம்மா அரிசி புடைச்சுக்கிட்டு இருந்த சொளகைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தா. "ஏ தங்கச்சி, இங்க பாரு. இது வெறும் கொட்டாவி இல்லை"ன்னா.

உங்க ஊர்ல எப்படின்னு தெரியலை. எங்க பக்கத்துல கோடாங்கி இருப்பாங்கல்ல, குறி சொல்றவங்க, அவங்களுக்குச் சாமி இறங்குறதுக்கு முன்னாடி கொட்டாவிதான் வரும். வரிசையா, பெருசு பெருசா. அதைப் பாத்ததும் கூட்டம் வாயை மூடிரும். சாமி வாசல்ல வந்துட்டார்னு அர்த்தம். எனக்கு அது அந்த நேரம் ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்திருந்தா வாயைப் பொத்தியிருப்பேன்.

அம்மா முழங்காலாலயே நகந்து என் முன்னாடி வந்தா. என் மூஞ்சியைப் பாத்தா. மூணு மாசத்துக்கு அப்புறம்.

"காளியா?"ன்னா.

இல்லைம்மா, மாத்திரைன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். சத்தியமா. அதுக்குள்ள அடுத்த கொட்டாவி வந்திருச்சு. கொட்டாவியில 'ஆ'ன்னுதானே சத்தம் வரும்? பெரியம்மா, "ஆமாங்குறா, ஆமாங்குறா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. கல்யாணம் ஆகாமப் போன பொண்ணு வீட்டுக்குச் சாமியாத் திரும்பி வரும்ல, கன்னி தெய்வமா, அப்படி வந்துட்டாளாம்.

இல்லைன்னு அப்புறமாவது சொல்லியிருக்கலாம். சொல்லலை. ஏன்னு கேக்காதீங்க. அவ என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா.

அம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா. "காளி, சின்னவ ஏன்மா சோறு திங்க மாட்டேங்குறா?"

"வாயெல்லாம் காஞ்சு போயிருக்கு. சாம்பார் வாசம் குமட்டுது"ன்னு சொன்னேன்.

அவ்வளவுதான். மறுநாள்லருந்து அம்மா வேலை முடிஞ்சு வந்ததும் வெளிக்குழாய்லயே கை கால் கழுவி, சேலையை மாத்திட்டுத்தான் உள்ள வர்றா. மோர் கரைச்சு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுத் தலைமாட்டுல வைக்கிறா. இதையே நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நானாச் சொன்னப்ப. சரி, சொல்லலை, ஆனா சொல்லியிருந்தா கேட்டிருப்பாளா? காளி சொன்னதும் கேட்டா. பாத்தீங்களா?

ரெண்டாவது வெள்ளிக்கிழமை அவளே பாய் விரிச்சு, என்னை உக்கார வெச்சா. கொட்டாவி கேக்காமலே வந்துச்சு. "சின்னவ தூங்குறாளா, காளி?"ன்னா. "இல்லை. கண்ணை மூடினா பரீட்சை ஹால் வருது. எழுதுறா, பேப்பர் தீர மாட்டேங்குது, பெல் அடிக்க மாட்டேங்குது"ன்னேன். அது நெசம். மாத்திரை ஆரம்பிச்சதுலருந்து கனவெல்லாம் அப்படித்தான், தொட்டுப் பாக்குற மாதிரி வரும். அன்னையிலருந்து அம்மா என் பாயில வந்து படுக்குறா. குறட்டை வேற.

மூணாவது வெள்ளிக்கிழமை கேட்டதுதான் ஒரு மாதிரியாப் போச்சு. நெருங்கி வந்து, என் காதுகிட்ட கேட்டா. பெரியம்மாவுக்குக் கூடக் கேக்கலை. "காளி, சின்னவளும் உன்கூட வந்துருவாளா?"

அந்த வாரம்தான் எனக்கு அந்த எண்ணம் எல்லாம் வந்துக்கிட்டு இருந்துச்சு. டாக்டரம்மா சொன்னாங்களே, அந்த எண்ணம். யாருகிட்டயும் சொல்லலை. யாருகிட்டச் சொல்ல? ஆனா அம்மா காளிகிட்டத்தானே கேட்டா. காளி பொய் சொல்ல மாட்டா. அதனால, "அவளைத் தனியா விடாதே"ன்னு சொன்னேன்.

வந்துச்சு வினை. கக்கூஸுக்குப் போனாலும் தாழ்ப்பாள் போடக் கூடாது. அவ வேலைக்குப் போனா பெரியம்மா காவல். அடுத்த நாளே என்னை மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி, டாக்டரம்மாகிட்ட என்னை உள்ள விட்டுட்டு, வெளியில நின்னுக்கிட்டா. அவங்க அரை மணி நேரம் பேசினாங்க. நல்லாத்தான் பேசினாங்க. வாராவாரம் வரச் சொன்னாங்க.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, அம்மா காளிகிட்டப் பேசுறதுக்கு நான் ஒரு போன் மாதிரி ஆயிட்டேன். வாரம் பூரா அவளுக்கு நான் யாரோ. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத்தான் என் மூஞ்சி அவளுக்குத் தெரியும். அப்பவும் என்னைப் பாக்கலை. என் மூஞ்சியில இருக்கிற அவளைப் பாத்தா. ஒரு தடவையாவது 'நீ எப்படிம்மா இருக்க காளி, அங்க வெயிலா மழையா'ன்னு கூட அவளைக் கேக்கலை, அது வேற விஷயம். சின்னவ, சின்னவ, சின்னவன்னு என்னைப் பத்தியே புகார் கேட்டுக்கிட்டு இருந்தா.

இப்ப அந்தப் பொய்க்கு வர்றேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை கொட்டாவி குறைஞ்சிருந்துச்சு. ஏழோ எட்டோதான். கை நடுக்கமும் நின்னு போச்சு. காலையில எந்திரிச்சுப் பல்லு விளக்குறதுக்கு யோசிக்கத் தேவைப்படலை. அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டா. அப்புறம், "காளி, அன்னைக்கு உன்னை யாரும்மா வரச் சொன்னது?"ன்னா.

ஹால் டிக்கெட் டேபிள் மேல கிடந்ததைக் காளியே பாத்துட்டு, தானா எடுத்துட்டுக் கிளம்பினான்னுதான் வீட்டுல எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படி இல்லை. ஸ்கூலுக்கு எதுத்தாப்புல இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர் போனை வாங்கி நான்தான் கூப்பிட்டேன். ஏழு தடவை. ஆறு தடவை எடுக்கலை, தலைக்குக் குளிச்சுக்கிட்டு இருந்திருக்கா. ஏழாவது தடவை எடுத்தா. "தலை ஈரம்டி, துவட்டிட்டு வர்றேன்"னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பத்து நிமிஷத்துல வரலைன்னா நீ எனக்கு அக்காவே இல்லை"ன்னு சொல்லிட்டு வெச்சேன். கடைக்காரர் கூட, "ஏன் பாப்பா இப்படிக் கத்துற"ன்னார். அவ பத்து நிமிஷத்துல வர்றதுக்குத்தான் வந்திருக்கா.

இப்பத் தெரியுதா, உங்களை ஏன் அத்தைங்குறேன்னு.

இது யாருக்கும் தெரியாது. அது கடைக்காரர் நம்பர். காளி போன்ல இருந்தாலும் அம்மாவுக்கு நம்பரை வெச்சு ஆளைத் தெரியாது. அந்த வெள்ளிக்கு முந்தின வாரம் இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க அம்மா அந்தக் கடைக்குத்தான் போனா, அவ வர்ற வரைக்கும் நான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஆனா வந்து ஒண்ணும் சொல்லலை. ஜெராக்ஸை உள்ள வெச்சுட்டு, சுடுதண்ணி போட்டு எனக்குத் தலைக்கு ஊத்திவிட்டா, அவ்வளவுதான். கடைக்காரர் மறந்துட்டார் போல.

அதனால அந்த வெள்ளிக்கிழமை, காளி வாயால நான் சொன்னேன். "யாரும் கூப்பிடலை. நானாத்தான் வந்தேன்."

அம்மா என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. இன்னும் ஏதோ வரும்னு காத்திருக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம், "சரிம்மா"ன்னா. விளக்கைக் குளிர வெச்சா.

அதோட கொட்டாவி நின்னு போச்சு அத்தை. டாக்டரம்மா சொன்ன மாதிரியே. அடுத்த வெள்ளிக்கிழமை உக்காந்தேன், வரலை. அதுக்கடுத்த வெள்ளி, வரலை. பொய்யா விட்டுப் பாத்தேன், அம்மா, "சும்மா எதுக்குடி வாயைப் பொளக்குற, எந்திரி"ன்னுட்டா. ஆக, காளி கடைசியா இந்த வீட்டுல பேசின பேச்சு ஒரு பொய். அதுவும் என் பொய். நான் தப்பிக்கிறதுக்கு அவ வாயைக் கடன் வாங்கிட்டேன். அவ இருந்த வரைக்கும் அவ சுடிதாரைக் கேக்காமப் போட்டுட்டுப் போவேன், அதுக்கே நாலு நாள் பேச மாட்டா.

எனக்கு மாத்திரையால நல்லாத்தான் ஆச்சு. அதுதான் கொடுமை. நல்லா ஆக ஆக, இது மட்டும் பெருசாத் தெரிஞ்சுச்சு. முன்னாடி எல்லாம் ஒரே இருட்டா இருந்துச்சு, எது எங்க இருக்குன்னு தெரியலை. இப்ப லைட்டைப் போட்டாச்சு, நடுவீட்டுல இது உக்காந்திருக்கு.

நானாச் சொல்லியிருக்கலாம்ல, அம்மா நான்தான் கூப்பிட்டேன்னு? முடியாது. காளி யாரும் கூப்பிடலைன்னு சொல்லியாச்சு. அம்மா நான் சொல்றதை நம்புவாளா, அவ சொன்னதை நம்புவாளா? அவளே வந்து மாத்திச் சொல்லணும். அதுக்குக் கொட்டாவி வரணும்.

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. கொட்டாவி ஆரம்பத்துலதானே வரும்? அப்ப நிறுத்திட்டு, மறுபடி ஆரம்பத்துலருந்து ஆரம்பிச்சா? பிசிக்ஸ்ல எழுபத்தொண்ணு எடுத்தவளுக்கு இது கூடத் தோணாதா?

பதினோரு நாள் போடலை. காலையில அம்மா குடுப்பா, நாக்குக்குக் கீழ வெச்சுக்கிட்டுத் தண்ணி குடிச்சுட்டு, அப்புறம் துப்பி, காயவெச்சு, நியூஸ்பேப்பர்ல மடிச்சு நூலைக் கட்டித் தலகாணி உறைக்குள்ள வெச்சேன். நாலாவது நாள்லருந்து மண்டைக்குள்ள கெட்டுப் போன டியூப்லைட் மினுக்குற மாதிரி. தலையைத் திருப்பினா சுர்ருன்னு ஒரு கரெண்ட். காரணமே இல்லாம அழுகை, விளம்பரத்தைப் பாத்தாலும் அழுகை. திரும்பப் பழைய அலுப்பு. மத்தபடி நல்லாத்தான் இருந்தேன். ஒன்பதாவது நாள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். துணியெல்லாம் எடுத்துட்டேன். எடுத்துட்டும் அங்கேயே நின்னேன், ஓரத்துல. எவ்வளவு நேரம்னு தெரியலை. சும்மா காத்து வாங்கத்தான். அம்மா மேல வந்து, ஒரு வார்த்தை பேசாம, துணியை வாங்காம, என் கையை மட்டும் பிடிச்சுக் கீழ கூட்டிட்டுப் போனா. அவ கை ஜில்லுன்னு இருந்துச்சு.

மறுநாள் வியாழக்கிழமை வீட்டுல இருக்கிற பாய், போர்வை, தலகாணி உறை எல்லாத்தையும் உருவித் துவைச்சா. எனக்குப் பதறிப் போச்சு. சாயங்காலம் கையை விட்டுத் தேடினா, பொட்டலம் புது உறைக்குள்ள அப்படியே இருக்கு. நான் ஒத்தை முடிச்சு போட்டதா ஞாபகம், ரெட்டை முடிச்சா இருந்துச்சு. அந்தப் பதினோரு நாள்ல எனக்கு எதுதான் ஒழுங்கா ஞாபகம் இருக்கு?

அதுக்கு அடுத்த நாள் வெள்ளி. போன வெள்ளிக்கிழமை. இதைச் சொல்றப்ப என் கையைப் பாருங்க, ரோமம் எப்படி நிக்குதுன்னு.

பெரியம்மா ஒரு வளைகாப்புக்குப் போயிட்டா. அம்மா விளக்கேத்தினா. எப்பவும் போட்டோவைப் பாத்துத்தான் உக்காருவா, அன்னைக்கு என்னைப் பாத்து உக்காந்தா. நான் ஒண்ணும் பண்ணலை, எனக்குக் கொட்டாவியும் இல்லை ஒண்ணும் இல்லை. அம்மா விட்டா. அத்தை, எங்க அம்மா கொட்டாவி விட்டா. ஒண்ணு. ரெண்டு. மூணாவது பெருசா, கண்ணுல தண்ணி வழிய. கொண்டையை அவுத்து விட்டா. முடி முன்னாடி விழுந்து மூஞ்சி தெரியலை. அவ எந்த மாத்திரையும் சாப்பிடுறதில்லை. தலைவலிக்குக் கூடப் போட மாட்டா.

"ஜோதி"ன்னா.

குரல் ஒண்ணும் மாறலை. ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். காளி என்னை ஜோதின்னு கூப்பிட மாட்டா, 'ஏ கத்திரிக்கா'ன்னுதான் கூப்பிடுவா. சாமியா வர்றப்ப மரியாதையாக் கூப்பிடுவா போல.

"யாரு?"ன்னேன்.

"தெரியலையா? என்னை யாரும் கூப்பிடலை. நானாத்தான் வந்தேன். லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வந்தான். உன் மேல ஒண்ணும் இல்லை. கேக்குதா? உன் மேல ஒண்ணுமே இல்லை."

நான் போட்டோவைத் திரும்பிப் பாத்தேன்.

"மாத்திரையை எதுக்குடி பொட்டலம் கட்டி வைக்கிற? தின்னுடி. எனக்காகத் தின்னு. அம்மா பாவம், அவளுக்கு இன்னொரு தடவை தாங்காது."

அப்புறம் கொஞ்ச நேரம் முடிக்குள்ள மூஞ்சியை வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா. தோள் மட்டும் குலுங்குச்சு. அப்புறம் எந்திரிச்சு, முடியை அள்ளி முடிஞ்சு, மூக்கைச் சிந்திட்டு, "தோசையா, உப்புமாவா?"ன்னு கேட்டா. எதுவுமே நடக்காத மாதிரி. சாமி மலையேறிட்டா ஆளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுன்னு சொல்வாங்கல்ல, நெசம்தான்.

மூணு தோசை சாப்பிட்டேன். சனிக்கிழமைலருந்து மாத்திரையும் போடுறேன், காளி சொல்லிட்டாளே.

நான் இதையெல்லாம் நம்புறவ இல்லை அத்தை. என் கொட்டாவி மாத்திரைன்னு எனக்கு முதல் நாளே தெரியும். என் வாயில பேசினது நான்தான்னும் தெரியும். ஆனா பொட்டலம் இருந்தது யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும்தான். அப்ப அம்மா மேல வந்தது யாரு? நீங்களே சொல்லுங்க. அதான் நாலு நாளா வாயைத் தொறந்து தொறந்து பாக்குறேன். திரும்ப ஆரம்பிச்சிருக்கேன்ல, வரணும். வந்தா அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.

தெப்பக்குளம் வந்திருச்சா? சரி, அடுத்ததுல இறங்கணும்.

டாக்டரம்மாகிட்ட நிறுத்தினதைச் சொல்லத்தான் போறேன். காலையில பஸ் ஏறுறப்பவே அம்மா, "இன்னைக்கு எல்லாத்தையும் நீயே மேடத்துகிட்டச் சொல்லிரு, நான் வெளியில நிக்கிறேன்"ன்னா. எல்லாத்தையும்னா எதை? அவளுக்கு என்ன தெரியும்?

காளிகிட்ட என்ன கேக்கணும்னா, அத்தை, அவ ஏன் பொய் சொன்னா? யாரும் கூப்பிடலைன்னு ஏன் சொல்லணும்? நான் சொன்ன பொய்யையே வார்த்தை மாறாமச் சொல்றா. ஏழு தடவை கூப்பிட்டிருக்கேன், கடைசியா அப்படி ஒரு வார்த்தை வேற சொல்லியிருக்கேன். அவ காதுலதானே விழுந்துச்சு. கோவத்துல நாலு அறை விட்டிருந்தாக் கூடத் தூங்கியிருப்பேன்.

தோ, கையைக் காட்டுறா பாருங்க, இறங்கணுமாம். பையை அவளே தூக்கிக்கிட்டா. வர்றேன் அத்தை.

அந்தப் போன் பேச்சு தெரிஞ்சது உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான், எனக்கும் செத்தவளுக்கும். ரெண்டு பேரும் சேந்து மறைச்சுட்டோம். பாவம் எங்க அம்மா, அந்த வீட்டுல ஒண்ணுமே தெரியாதவ அவ ஒருத்திதான்.